ஹட்ச், வோடபோன், ஐடியா, வி: போன் கம்பெனி கைமாறும்போது எது கைமாறுகிறது?

"ஹட்ச்சுன்னு இருந்துச்சு, வோடபோன்னு பேரை மாத்தினாங்க, அப்புறம் ஐடியாவை வாங்கி வின்னு வச்சாங்க, இப்ப கவர்மெண்ட் எடுத்துக்கிச்சு." ரீசார்ஜ் கடை வாசலில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் குறைவு. நான்கு பகுதிகள் உள்ள கதை, நான்குமே பிசகு. 2007-ல் நடந்தது பெயர் மாற்றம் அல்ல, பங்கு விற்பனை. 2018-ல் வோடபோன் ஐடியாவை வாங்கவில்லை; சட்டப்படி வோடபோன்தான் ஐடியாவுக்குள் கரைந்தது. 'வி' என்ற பெயர் வந்தது இணைப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. அரசு அதில் மிகப் பெரிய பங்குதாரர்தான், ஆனால் அது அரசு நிறுவனம் ஆகிவிடவில்லை.

குழப்பம் வருவதற்குக் காரணம், போன் கம்பெனி என்பதை ஒரே பொருளாக நினைத்துக்கொள்வதுதான். உண்மையில் அது பல பொருள்களின் கட்டு. உரிமம், அலைக்கற்றை, கோபுரம், பெயர், வாடிக்கையாளர், கடன் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் கைமாறக்கூடியது.

## ஒரு பஸ்ஸை வைத்துத் தொடங்குவோம்

மதுரை–தேனி வழித்தடத்தில் ஒரு தனியார் பஸ் ஓடுகிறது. அந்தத் தொழிலில் விலை உயர்ந்தது எது? பஸ் இல்லை. பஸ்ஸை யாரும் வாங்கிவிடலாம். அந்த வழித்தடத்தில், அந்த நேரத்தில் ஓட்டலாம் என்று அரசு கொடுத்த பெர்மிட்தான் சொத்து. பஸ் நிறுத்துகிற ஷெட் வாடகை இடமாக இருக்கலாம். பஸ் மீது ஃபைனான்ஸ் பாக்கி இருக்கலாம். பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர் வெறும் பெயிண்ட்.

இந்தத் தொழில் கைமாற மூன்று வழிகள் உண்டு. பெர்மிட்டை மட்டும், அல்லது பஸ்ஸோடு சேர்த்து, தனியாக வாங்கிக்கொள்வது ஒன்று. பெர்மிட் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தால், அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்குவது இரண்டாவது. இதில் பெர்மிட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. கம்பெனி அதே கம்பெனி, அதன் முதலாளி மட்டும் வேறு. இதைத்தான் கையகப்படுத்தல் என்கிறோம். இரண்டு கம்பெனிகள் ஒன்றாகி, ஒன்று மற்றொன்றுக்குள் கரைவது மூன்றாவது. அப்போது பெர்மிட்டைப் பெயர் மாற்ற வேண்டும், கடன்களும் ஒரே கணக்கில் சேரும். இதற்குப் பெயர் இணைப்பு.

போன் கம்பெனிக்கு பெர்மிட் என்பது இரண்டு. சேவை நடத்த அனுமதிக்கும் உரிமம் ஒன்று. சிக்னல் அனுப்ப ஒதுக்கப்படும் குறிப்பிட்ட அலைவரிசை இன்னொன்று. அதுதான் ஸ்பெக்ட்ரம், தமிழில் அலைக்கற்றை. கோபுரம் என்பது ஷெட் மாதிரி. முக்கியமானதுதான், ஆனால் வாடகைக்குக் கிடைக்கும்.

## வட்டம்: பெர்மிட்டின் எல்லை

இந்தியாவில் செல்போன் உரிமம் நாடு முழுமைக்கும் ஒன்றாகக் கொடுக்கப்படவில்லை. நாட்டை வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு வட்டம் தனியாகக் கொடுத்தார்கள். வட்டம் என்பது பெரும்பாலும் ஒரு மாநிலம். தொடக்கத்தில் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்கும் தனி வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் முதலில் இரண்டே தனியார் நிறுவனங்கள்.

சென்னையில் ஆர்பிஜி செல்லுலாரும் ஸ்கைசெல்லும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பிபிஎல்லும் ஏர்செல்லும். தாம்பரத்தைத் தாண்டிக் கொஞ்சம் போனால் வேறு கம்பெனிகளின் ராஜ்யம், அதாவது ரோமிங். அதன்பின் நடந்ததைப் பாருங்கள். ஸ்கைசெல்லை 2000-ல் பார்தி வாங்கியது, அது ஏர்டெல் ஆனது. ஆர்பிஜி செல்லுலாரை 2003-ல் ஏர்செல் வாங்கியது. ஹட்ச் இரண்டு வாசல் வழியாக வந்தது. சென்னைக்கு 2001 ஏலத்தில் புதிதாக உரிமம் எடுத்தது. கோவை, மதுரை, திருச்சி பக்கம் பிபிஎல்லின் வட்டத்தை வாங்கி 2006-ல் தன் பெயரை மாட்டியது. பெயர்ப் பலகை ஒன்றுதான். ஆனால் சென்னையில் அது சொந்த பெர்மிட். கோவையில் விலைக்கு வாங்கிய பெர்மிட்.

நாடு முழுக்க இதே கதைதான். ஹட்ச்சின் தாய் நிறுவனமான ஹட்சிசன் முதலில் கால் வைத்தது மும்பையில், மேக்ஸ் குழுமத்தோடு சேர்ந்து. பிறகு டெல்லியில் எஸ்ஸாரின் ஸ்டெர்லிங் செல்லுலார், கொல்கத்தாவில் உஷா மார்ட்டின், குஜராத்தில் ஃபாசெல் என்று ஒவ்வொரு வட்டமாகச் சேர்த்தது. வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக வைத்திருக்கக்கூடிய பங்குக்கு 2005 வரை 49 சதவீத வரம்பு இருந்தது, பிறகு 74 ஆனது, 2013-ல்தான் 100. அதனால் உள்ளூர்க் கூட்டாளி கட்டாயம், ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனிக் கம்பெனி. பிற்காலச் சிக்கல்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உரிமம் வட்டம் வட்டமாகக் கொடுக்கப்பட்டது. பெரிய கம்பெனி என்று நாம் பார்ப்பது, சின்னச் சின்ன வட்டக் கம்பெனிகளை வாங்கிக் கோர்த்த மாலை.

## 2007: கூரையை விட்டுவிட்டு, கூரைக்கு மேலிருந்ததை வாங்கினார்கள்

2007 பிப்ரவரியில், ஹட்ச் பெயரில் சேவை நடத்திய ஹட்சிசன் எஸ்ஸார் கம்பெனியில் 67 சதவீத உரிமையை வாங்க பிரிட்டனின் வோடபோன் ஒப்பந்தம் போட்டது. விலை சுமார் 1,100 கோடி டாலர். ஆனால் இந்தியக் கம்பெனியின் பங்கு ஒன்றுகூட இந்தியாவில் கைமாறவில்லை.

அது எப்படி? மும்பையில் இருந்த கம்பெனியின் பங்குகளை மொரிஷியஸ் கம்பெனிகள் வைத்திருந்தன. அவற்றுக்கெல்லாம் மேலே, கேமன் தீவுகளில் சிஜிபி என்றொரு கம்பெனி. அந்த சிஜிபியின் பங்கைத்தான் வோடபோன் வாங்கியது. பஸ் கணக்கில் சொன்னால், பஸ் கம்பெனியின் பங்கு ஒரு பெட்டியில் இருக்கிறது. பெட்டி வெளியூரில் இருக்கிறது. வாங்கியவர் பெட்டியை வாங்கினார். இங்கே பெர்மிட் அப்படியே, கம்பெனி அப்படியே.

வருமான வரித்துறை இதை ஏற்கவில்லை. சொத்து இந்தியாவில் இருப்பதால் விற்றவருக்குக் கிடைத்த லாபத்துக்கு இந்தியாவில் வரி உண்டு, வாங்கியவர் அதைப் பிடித்தம் செய்துவிட்டுத்தான் பணம் கொடுத்திருக்க வேண்டும் என்றது. கேட்ட தொகை 11,000 கோடி ரூபாய்க்கு மேல். பலரும் வோடபோன் தன் லாபத்துக்கு வரி ஏய்த்ததாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லாபம் ஹட்சிசனுக்கு, கேள்வி, வோடபோன் ஏன் பிடித்தம் செய்யவில்லை என்பது. 2012 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் வோடபோன் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பட்ஜெட்டில் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். 2020-ல் ஹேக் நகரில் நடந்த சர்வதேச நடுவர் விசாரணையிலும் வோடபோனுக்குச் சாதகமான முடிவு. 2021-ல் அந்த முன்தேதி வரியை நாடாளுமன்றம் கைவிட்டது.

கடையில் ஹட்ச் பலகை இறங்கி வோடபோன் பலகை ஏறியது 2007 செப்டம்பரில். வாடிக்கையாளர் கண்ணில் பட்டது அது மட்டும்தான்.

## ஐடியாவின் பக்கம்

ஐடியா ஒருவர் கட்டிய கம்பெனி அல்ல. மகாராஷ்டிரா, குஜராத்தில் பிர்லாவும் அமெரிக்காவின் ஏடி அண்டு டியும் நடத்திய கம்பெனி ஒன்று. ஆந்திராவில் டாடா செல்லுலார் ஒன்று. இவை சேர்ந்தபோது பிர்லா, ஏடி அண்டு டி, டாடா மூன்றின் பெயரையும் ஒட்டி 'படாடா' என்று அழைத்தார்கள், மராத்தியில் உருளைக்கிழங்கு. 2002-ல் ஐடியா என்ற பெயர் வந்தது. ஏடி அண்டு டியும் டாடாவும் 2005, 2006-ல் விலக, ஆதித்ய பிர்லா குழுமம் தனியாக நின்றது. கேரளா, ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்துக்காக எஸ்கோடெல்லை 2004-ல் வாங்கினார்கள். பஞ்சாப், கர்நாடகாவுக்காக ஸ்பைஸை 2008-ல் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் வாங்குவதற்கு ஆள் இல்லை. 2009-ல் புதிதாகத் தொடங்கினார்கள். கேரளாவில் ஐடியா வலுவாகவும் தமிழ்நாட்டில் மெலிந்தும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

## 2018: யார் யாருக்குள் போனார்கள்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2017 மார்ச் 20-ல் வோடபோன் இந்தியாவும் ஐடியாவும் இணைப்பை அறிவித்தன. முடிந்தது 2018 ஆகஸ்ட் 31. இடையில் 17 மாதங்கள்.

இவ்வளவு நாள் ஏன்? ஒரே சந்தையில் இரண்டு பெரிய கடைகள் சேர்ந்தால் போட்டி குறையுமா என்று போட்டி ஆணையம் பார்க்க வேண்டும். பங்குச் சந்தை, பங்குதாரர்கள், நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் எல்லாம் ஒப்ப வேண்டும். கடைசியாக, பெர்மிட் கொடுத்த தொலைத்தொடர்புத் துறை சரி சொல்ல வேண்டும். ஒரு வட்டத்தில் ஒரே நிறுவனம் இவ்வளவு அலைக்கற்றைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று உச்சவரம்பு உண்டு. பழைய காலத்தில் ஏலம் இல்லாமல் கிடைத்த அலைக்கற்றைக்கு, இணையும்போது சந்தை விலை வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். இந்த வகையில் துறை கேட்டது ரொக்கமும் வங்கி உத்தரவாதமுமாகச் சுமார் 7,250 கோடி ரூபாய். அத்தனையும் முடியும்வரை இரண்டும் போட்டியாளர்களாகவே நடந்துகொள்ள வேண்டும். நெட்வொர்க்கைச் சேர்க்கக்கூடாது, கட்டணத்தைப் பேசிவைத்து நிர்ணயிக்கக்கூடாது. எதிராளி ஜியோ 4ஜியை மலிவாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கைகட்டி நின்ற அந்த 17 மாதங்கள் மிகவும் விலை உயர்ந்தவை.

சட்ட வடிவம் இப்படி: வோடபோனின் இந்தியக் கம்பெனிகள் ஐடியா செல்லுலாருக்குள் கரைந்தன. பங்குச் சந்தையில் இருந்தது ஐடியாதான். அதே கம்பெனி வோடபோன் ஐடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஐடியா பங்கு வைத்திருந்தவர் எதுவும் செய்யாமலே வோடபோன் ஐடியா பங்குதாரர் ஆனார். ஆனால் கரைந்துபோன பக்கத்துக்குத்தான் அதிகப் பங்கு: வோடபோன் குழுமத்துக்குச் சுமார் 45 சதவீதம், பிர்லா குழுமத்துக்கு 26. யார் யாருக்குள் கரைந்தார்கள் என்பது சட்ட வசதி. எவ்வளவு பங்கு என்பதுதான் உரிமை.

கோபுரங்கள்? பெரும்பாலானவை இணைப்பில் இல்லவே இல்லை. ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றும் 2007-லேயே சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் என்ற கூட்டுக் கம்பெனி வைத்துக்கொண்டன. தனியாக வைத்திருந்த கோபுரங்களையும் இணைப்புக்கு முன்பே சுமார் 7,850 கோடிக்கு அமெரிக்கன் டவர் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். "அவங்க டவரையெல்லாம் இவங்க வாங்கிட்டாங்க" என்ற பேச்சு இங்கே பொருந்தாது.

இந்தப் பகுதியின் சாரம்: இணைப்பில் சேர்ந்தவை உரிமம், அலைக்கற்றை, வாடிக்கையாளர், கடன். சேராதவை கோபுரமும் பெயரும். கடைப் பலகையில் இரண்டுக்கும் பொதுவாக 'வி' என்ற பெயர் ஏற 2020 செப்டம்பர் 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

## காகிதம் சேர்ந்த பிறகு நெட்வொர்க் எப்படிச் சேர்கிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. புகார்கள் எல்லாம் பிறப்பது இந்தக் கட்டத்தில்தான்.

உங்கள் சிம்முக்குள் ஒரு நீண்ட எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404 அல்லது 405. அடுத்த இலக்கங்கள் நிறுவனத்தையும் வட்டத்தையும் குறிக்கும். கோபுரத்தில் உள்ள கருவி தன் குறியீட்டை இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். போன் அதைக் கேட்டு, சிம்மில் உள்ளதோடு பொருந்தினால் ஒட்டிக்கொள்ளும். இணைந்த பிறகு கோடிக்கணக்கானவர்களை சிம் மாற்றச் சொல்ல முடியாது. அதனால் ஒரே கருவி இரண்டு குறியீட்டையும் அறிவிக்கும்படி அமைப்பார்கள். 4ஜியில் ஒரே செல் ஆறு குறியீடுகள் வரை அறிவிக்கலாம். வோடபோன் சிம்மும் ஐடியா சிம்மும் ஒரே கருவியில் வேலை செய்தது இப்படித்தான்.

அடுத்தது அலைக்கற்றை. 1800 மெகாஹெர்ட்ஸில் ஒருவரிடம் 5 மெகாஹெர்ட்ஸ், மற்றவரிடம் 5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து மனையாக இருந்தால் வேலியை எடுத்துவிட்டு 10 மெகாஹெர்ட்ஸ் ஒரே மனை ஆக்கலாம். இரண்டு ஆன்டெனா வழியாக வாங்கும் சாதாரண 4ஜி போனுக்கு உச்ச வேகம் 37 மெகாபிட் அளவிலிருந்து 75 அளவுக்குப் போகும். நடுவில் வேறொருவர் மனை இருந்தால் வேலியை எடுக்க முடியாது. இரண்டு துண்டையும் ஒட்டிப் பயன்படுத்தும் நுட்பம் புதிய போன்களில் உண்டு. பழைய 4ஜி போன்களில் கிடையாது. இணைந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு வேகம் கூடியும் உங்களுக்குக் கூடவில்லை என்றால், வித்தியாசம் போனில் இருக்கலாம்.

பிறகு கோபுரத்தில் இரட்டிப்பு. ஒரே கோபுரத்தில் இரண்டு கம்பெனியும் வாடகைக்கு இருந்தால் ஒரு கருவியைக் கழற்றுவார்கள், வாடகை மிச்சம். இதைச் செய்கிற வரிசைதான் எல்லாம். மிஞ்சும் கருவிக்கு முதலில் கூடுதல் அலைக்கற்றையை ஏற்ற வேண்டும். கோபுரத்திலிருந்து மைய நிலையத்துக்குப் போகும் கேபிளையோ மைக்ரோவேவ் இணைப்பையோ அகலப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதைக் கழற்றலாம். முதலிலேயே கழற்றிவிட்டால் இரண்டு கம்பெனியின் கூட்டமும் ஒரு குறுகிய குழாயில் நெரியும். போனில் சிக்னல் கட்டம் முழுதாக இருக்கும், நெட் மட்டும் நகராது. கட்டம் காட்டுவது கோபுரத்துக்கும் உங்களுக்கும் உள்ள உறவை. கோபுரத்துக்குப் பின்னால் உள்ள குழாயை அது காட்டாது.

ப்ரீபெய்டு இருப்பைக் கணக்கு வைக்கும் அமைப்பும் இரண்டாக இருக்கும். அவற்றை ஒன்றாக்கும் இரவில் ரீசார்ஜ் ஏறாமல் போவது, பேக் காலாவதித் தேதி தப்பாகத் தெரிவது போன்றவை வரும். எண், இருப்பு, பேக் எதையும் இழக்க வேண்டியதில்லை. உரிமத்தோடு அந்தப் பொறுப்பும் புதிய கம்பெனிக்கு வந்துவிடுகிறது.

## இணைப்பு நடக்காமல் போனால்

2016 செப்டம்பரில் ஏர்செல்லும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் இணைவதாக அறிவித்தன. 2017 அக்டோபரில் அது ரத்தானது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டது. தமிழ்நாட்டில் அந்த மாதம் சிக்னல் போய், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றும் குறியீட்டைக் கேட்டு எஸ்எம்எஸ் அனுப்பக்கூட முடியாமல் மக்கள் தவித்தது பலருக்கும் நினைவிருக்கும். ஏர்செல்லின் 4ஜி அலைக்கற்றையை எட்டு வட்டங்களில் 3,500 கோடிக்கு ஏர்டெல் 2016-லேயே வாங்கிவிட்டது. பெர்மிட்டை மட்டும் தனியாக வாங்கும் முதல் வழிக்கு இது உதாரணம். கம்பெனி விழுந்தபோதும் அந்த அலைக்கற்றை வேறொருவர் கையில் வேலை செய்துகொண்டிருந்தது.

## கடனும் பரம்பரைச் சொத்துதான்

1999 வரை கம்பெனிகள் உரிமத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கட்டின. கட்ட முடியாமல் திணறியதால், வருவாயில் பங்கு கொடுத்தால் போதும் என்று அரசு மாற்றியது. எந்த வருவாயில்? அந்தக் கணக்குக்குப் பெயர் ஏஜிஆர், அதாவது சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய். போன் சேவையில் வந்தது மட்டும்தான் வருவாய் என்றன கம்பெனிகள். வட்டி, வாடகை, ஈவுத்தொகை எல்லாமே சேரும் என்றது அரசு. 2019 அக்டோபர் 24-ல் உச்ச நீதிமன்றம் அரசு சொன்னதை ஏற்றது.

ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருந்ததால் அசல் சின்னதாகி, வால் பெரிதாகிவிட்டது. எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து தரவேண்டிய உரிமக் கட்டண பாக்கியில் அசல் கால் பங்குதான். மீதி வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி. வோடபோன் ஐடியாவின் பங்காகத் துறை கணக்கிட்டது சுமார் 58,000 கோடி. 2019 ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கு அது காட்டிய நட்டம் 50,922 கோடி ரூபாய். இந்தியக் கம்பெனி எதுவும் அதுவரை ஒரே காலாண்டில் அவ்வளவு காட்டியதில்லை.

இணைப்பு பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. இரண்டு கம்பெனிகள் ஒன்றாகும்போது பழைய பாக்கிகள் அழிவதில்லை, கூடுகின்றன. இணைப்பு ஒப்பந்தத்தில், பழைய பாக்கிகளுக்காகப் பிரிட்டன் வோடபோன் தரவேண்டியதற்குச் சுமார் 8,400 கோடி ரூபாய் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். வந்த பில்லோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒப்பந்தம் எழுதியவர்கள் இந்தத் தீர்ப்பை எவ்வளவு குறைவாக எதிர்பார்த்திருந்தார்கள் என்பது தெரியும். இணையும்போது 40 கோடிக்கு மேல் இருந்த வாடிக்கையாளர்கள் பிறகு ஏறக்குறைய பாதியானார்கள். அதற்காகப் பாக்கி குறைந்துவிடவில்லை.

## அரசு எப்படி உள்ளே வந்தது

2021-ல் அரசு ஒரு சலுகை கொடுத்தது. நான்கு ஆண்டுகள் தவணை கட்டாமல் இருக்கலாம். சேரும் வட்டியைப் பணமாகத் தராமல் பங்காகத் தரலாம். 2023 பிப்ரவரியில் வோடபோன் ஐடியாவின் 16,133 கோடி ரூபாய் வட்டி, பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் அரசுப் பங்காக மாறியது. அரசின் கையில் சுமார் 33 சதவீதம். பிறகு 2024-ல் கம்பெனி புதிய பங்குகள் விற்று 18,000 கோடி திரட்டியது. மொத்தப் பங்குகள் பெருகியதால், ஒரு பங்கைக்கூட விற்காமலே அரசின் விகிதம் சுமார் 22.6-க்கு இறங்கியது. வெல்லம் அதே அளவு, தண்ணீர் கூடினால் இனிப்பு குறைவது போலத்தான். 2025 ஏப்ரலில் அலைக்கற்றை பாக்கியில் 36,950 கோடி மீண்டும் பங்காக மாறியது. விகிதம் 48.99 சதவீதம்.

அந்த 48.99 தற்செயலான எண் அல்ல. கம்பெனிச் சட்டப்படி அரசின் பங்கு 51 சதவீதமானால்தான் அது அரசு நிறுவனம். அதற்குக் கீழே நிறுத்தியதால் பிஎஸ்என்எல் போன்ற விதிகள் வி-க்குப் பொருந்தாது. நிர்வாகம் வோடபோன், பிர்லா தரப்பிடமே இருக்கிறது. அப்போது இருவரின் பங்கும் சேர்ந்தே 26 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. 2025-ல் அரசுக்கு இந்தக் கம்பெனியோடு மூன்று உறவுகள் இருந்தன: பெர்மிட் கொடுத்தவர், மிகப் பெரிய கடன் கொடுத்தவர், மிகப் பெரிய பங்குதாரர். பஸ் கணக்கில் சொன்னால், ஆர்டிஓ அலுவலகமும் ஃபைனான்ஸ்காரரும் பஸ்ஸில் பாதிக்குச் சற்றுக் குறைவான உரிமையும் ஒரே கையில். ஸ்டீயரிங் மட்டும் வேறு கையில்.